மறு: வெடித்துளைப் பொறிக்கு என்ன அடைமொழி?

குழுவினருக்கு வணக்கம். பாறையை உடைக்க வெடி வைக்கும் துளைகளைத் தானே போடும் சுரங்கப் பொறிக்கு (autonomous blasthole drill) தமிழில் என்ன பெயர் என்ற பேச்சில் ஒருவர் எழுதியது:

> "தன்னாட்சி வெடிதுளையிடல்" என்றே வைத்துக்கொள்ளலாமே?

இரண்டு சொல்லிலும் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் சின்ன விஷயம். வெடிகுண்டில் குண்டு வெடிக்கிறது, அதனால் ஒற்று மிகவில்லை. இங்கே துளை வெடிப்பதில்லை. வெடி வைப்பதற்கான துளை. ஆகவே வெடித்துளை. (குவாரியில் கேட்டால் "குழி போடுறது" என்று முடித்துவிடுவார்கள், அது வேறு.)

"தன்னாட்சி"தான் ரொம்ப உறுத்துகிறது. கல்லூரிக்கும் மாநிலத்துக்கும் உரிய சொல் அது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவில், ரியோ டின்டோ நிறுவனத்தின் வெஸ்ட் ஏஞ்சலஸ் இரும்புத்தாதுச் சுரங்கத்தில் ஓடும் துளைப்பொறி எதை ஆள்கிறது? துளை எங்கே, எவ்வளவு சாய்வு, எந்த மட்டம் வரை என்பதையெல்லாம் வெடிப்புப் பொறியாளர் முன்பே வரைந்து கொடுத்துவிடுகிறார். பொறி ஜிபிஎஸ் பார்த்துப் புள்ளிக்கு நகர்கிறது, ஜாக்கிகளை இறக்கி உடம்பைச் சமப்படுத்துகிறது. துளைவாய் சரியாமல் இருக்க மெதுவாகத் தொடங்கி, பிறகு அழுத்தம் கூட்டுகிறது. பிட் (பாறையைக் குடையும் முனை) சிக்கப்போவது தெரிந்தால், அதைத் தாங்கும் ராடைச் (தண்டை) சற்று மேலே இழுத்து, காற்றால் தூளை ஊதித் தள்ளிவிட்டு மறுபடி இறங்குகிறது. மேல்தரை மேடுபள்ளம், அடிமட்டமோ ஒரே சீராக வர வேண்டும். அதனால் துளைக்குத் துளை ஆழம் மாறும், அதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். கெட்டிக்காரத்தனம்தான். ஆட்சி இல்லை.

"ஆளில்லா" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ரயில்வே கேட்தான் ஞாபகம் வருகிறது. அதோடு, சுமார் 1,500 கி.மீ. தள்ளிப் பெர்த் நகரில் உட்கார்ந்து ஒரே ஆள் பல பொறிகளைக் கவனிக்கிறார். கேபினில்தான் ஆள் இல்லை.

என் பரிந்துரை: ஒரு துளையைத் தானே போட்டு முடித்து, அடுத்ததற்கு நகர்த்த ஆளை எதிர்பார்ப்பது தானியங்கு துளைப்பொறி. வரிசை முழுவதையும் தானே நகர்ந்து முடிப்பது ஓட்டுநரில்லாத் துளைப்பொறி. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டச் செய்திகள் வந்ததிலிருந்து "ஓட்டுநரில்லா" எல்லார் வாயிலும் பழகிவிட்டது. இரண்டையும் ஒரே பெயரில் அடைத்தால், கருவி விற்பவர் எதைச் சொல்கிறார் என்று வாங்குபவருக்குப் புரியாது. தூரத்திலிருந்து ஆளே இயக்குவதைக் குறிக்கும் "தொலையியக்கம்" பற்றிச் சண்டையில்லை, அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்று. இறங்கும் வேகம், முறுக்குவிசை இவற்றைப் பதிந்துகொண்டே போய், பாறை எங்கே கெட்டி, எங்கே இளக்கம் என்று கணிப்பதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் "துளையிடல்வழி அளவீடு" என்று இருக்கிறது. "துளையிடுகால அளவீடு" பொருந்துமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.