பி.காம் முடிச்சு அக்கவுன்ட்ஸ் வேலைக்கு விண்ணப்பம் போடுறவங்க, கூட்டத்தில் தனியாத் தெரிய என்ன செய்யணும்?

வைகைக்கரை:
பி.காம் கடைசி செமஸ்டர், 71 சதவீதம், டேலி (கணக்கு எழுதுற சாஃப்ட்வேர்) சர்டிபிகேட் இருக்கு. மதுரையில் கீழமாசி வீதி மண்டிகள், கப்பலூர் சிட்கோ கம்பெனிகள், ஆடிட்டர் ஆபீஸ்கள்னு எல்லாத்துக்கும் ஒரே ரெஸ்யூமே அனுப்பியாச்சு. ஒருத்தரும் கூப்பிடலை. எல்லார்கிட்டயும் இதே டிகிரி, இதே சர்டிபிகேட்தான். வேற எதைக் காட்டுறது?

பேரேடு:
தம்பி, உட்கார வச்சா என்ட்ரி போடுவீங்களான்னுதான் பார்ப்பாங்க. போட்டே காட்டிடுங்க. டேலி பிரைம் எஜுகேஷன் மோடுக்குக் காசு கிடையாது. மாசத்தில் 1, 2, 31 தேதிகளுக்கு மட்டும்தான் என்ட்ரி விழும். அதனால 31 நாள் உள்ள மாசமா எடுங்க.

கற்பனையா ஒரு ஹார்டுவேர் கடை. 40 பர்ச்சேஸ் பில், 60 சேல்ஸ் பில், ரெண்டு கிரெடிட் நோட் (சரக்கு திரும்பி வந்தா போடுறது). 18 சதவீத வரியில் 10,000 ரூபாய் சரக்கை நம்ம மாநிலத்துக்குள்ள, திருமங்கலத்துக்கு வித்தா சிஜிஎஸ்டி (மத்திய அரசு பங்கு) 900, எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசு பங்கு) 900. அதையே வெளி மாநிலத்தில், பெங்களூர்ல இருந்து வாங்கினா மொத்தமா ஐஜிஎஸ்டி 1,800. புதுசா வர்றவங்க சறுக்குறது இங்கதான்: பார்ட்டி லெட்ஜரில் (அந்த வியாபாரியோட கணக்குப் பக்கம்) மாநிலத்தைக் கர்நாடகான்னு மாத்தாம விட்டா ஐஜிஎஸ்டி சரியா விழாது.

அடுத்து பேங்க் ரீகன்சிலியேஷன். கொடுத்தும் பாஸாகாத செக் மூணு, பேங்க் பிடிச்ச கட்டணம் ஒண்ணு வச்சுக்கிட்டு, நம்ம புக் பேலன்ஸும் பேங்க் பேலன்ஸும் ஏன் ஒத்துப்போகலைன்னு ஒரே பக்கத்தில் காட்டுங்க. அதையும் ட்ரையல் பேலன்ஸையும் (எல்லா லெட்ஜரோட பேலன்ஸ் பட்டியல்) பிடிஎஃப் ஆக்கி ரெஸ்யூமேயோட வைங்க. மேல "மாதிரிக் கணக்கு"ன்னு கட்டாயம் எழுதணும். நிஜக் கடைக் கணக்குன்னு சொல்லிடாதீங்க.

வில்லாபுரம்:
ஆடிட்டர் ஆபீஸுக்குன்னா 2பி மேட்சிங்கும் சேருங்க, மாசா மாசம் மண்டையை உடைக்கிற வேலை அது. 14ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் வர்ற ஜிஎஸ்டிஆர்-2பியை (சப்ளையர்கள் காட்டின பில் பட்டியல்) நம்ம பர்ச்சேஸ் ரிஜிஸ்டரோட எக்செல்லில் ஒத்துப் பார்க்கணும். பில் நம்பரை மட்டும் நம்பி வி-லுக்கப் (எக்செல்லில் தேடி ஒத்துப் பார்க்கிற ஃபார்முலா) போட்டா மாட்டிக்குவீங்க. நம்ம புக்கில் 45, சப்ளையர் போட்டது 0045. ஜிஎஸ்டி எண், தேதி, வரித்தொகை மூணையும் சேர்த்துப் பாருங்க. ஒட்டாத பில்லுக்குப் பக்கத்தில் காரணம் எழுதுங்க: சப்ளையர் 11ஆம் தேதிக்கு மேல ஃபைல் பண்ணியிருக்கலாம், ஜிஎஸ்டி எண்ணைத் தப்பா போட்டிருக்கலாம். அந்தக் காரணப் பத்தியைத்தான் ஆடிட்டர் முதல்ல படிப்பார்.

நேர்ல போறதா இருந்தா 21க்கு மேல போங்க. மாசா மாசம் கெடு நாள் இதுதான்: 7 டிடிஎஸ் (பிடிச்ச வரியைக் கட்டுறது), 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20 ஜிஎஸ்டிஆர்-3பி (வரிக் கணக்கு). அந்த நாள்ல போய் நின்னா யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாங்க.

தெப்பக்குளம்:
ரெஸ்யூமே ஒரே பக்கம். அப்பா பேரு, மதம், கேரியர் ஆப்ஜெக்டிவ் எல்லாம் வேண்டாம். ஃபைல் பேரில் உங்க பேரும் வேலையும் இருக்கட்டும். மெயிலை வெறுமனே அனுப்பாதீங்க, நாலு வரி எழுதுங்க. வேலை தர டெபாசிட் கேட்கிற இடத்துப் பக்கமே போகாதீங்க.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி அண்ணே. மண்டிக்கும் இதே ஃபைல்தானா?

பேரேடு:
இல்ல தம்பி, மண்டிக்காரங்களுக்குக் கவலை பாக்கிதான். யார் யார் எவ்வளவு தரணும்னு 30 நாள், 60 நாள், 90 நாளுக்கு மேலன்னு பிரிச்சு ஒரே தாள்ல எடுத்துட்டுப் போங்க. டேலியில் ரிசீவபிள்ஸ் (வர வேண்டிய பாக்கி) ரிப்போர்ட்டில் ஏஜ்வைஸ் போட்டா வரும். பார்ட்டி லெட்ஜரில் பில்-பை-பில் (பில் வாரியா பாக்கி காட்டுற வசதி) ஆன் பண்ணாம என்ட்ரி போட்டிருந்தா மட்டும் வராது. அதை முதல்லயே பார்த்துக்கோங்க.