தங்க மிரர் மேல பாலிமர் போட்டா ஐஆர் (அகச்சிவப்பு) ரிஃப்ளெக்‌ஷன் குறையுமா?

கேள்வி: துடைச்சாலே கீறல் விழுதுன்னு தங்க மிரர் மேல அக்ரிலிக் பாலிமர் லேயர் ஒண்ணு ஸ்பின் பண்ணேன் (சுழட்டி மெல்லிசா பரப்பினேன்), கண்ணுக்கு பளபளன்னுதான் இருக்கு ஆனா எஃப்டிஐஆர்ல (எந்த ஐஆர் அலைநீளம் எவ்வளவு திரும்புதுன்னு அளக்குற கருவி) 3.4, 5.8 மைக்ரான் கிட்ட பெரிய பள்ளம். தங்கம் உரிஞ்சிடுச்சா?

பதில் 1: தங்கத்து மேல பழி போடாதீங்க பாஸ். 3.4 வந்து கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு, 5.8 அக்ரிலிக்கோட கார்பனைல் (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு). ஒளி உள்ள போய் திரும்பி வர்றதால ரெண்டு தடவை உறிஞ்சும். பாலிஎத்திலீன்ல கார்பனைல் இல்ல, ஆனா 3.4 அங்கயும் விடாது.

பதில் 2: உலோகமே வேணாம்னா பாலிமரும் சால்கோஜனைடு கண்ணாடியும் (கந்தகம், செலினியம் மாதிரி தனிமங்கள் சேர்ந்த கண்ணாடி) மாத்தி மாத்தி அடுக்கலாம், இன்டெக்ஸ் (ஒளிவிலகல் எண்) 1.5க்கும் 2.8க்கும் வித்தியாசம் ஜாஸ்தி, அதனால கொஞ்சம் லேயரே போதும். 10.6 மைக்ரான் லேசருக்கு பாலிமர் லேயர் கால் அலை கணக்குல (அலைநீளத்துல கால் பங்கை இன்டெக்ஸால வகுத்தா) சுமார் 1.77 மைக்ரான் தடிமன்.

கேட்டவர்: எனக்கு 4 மைக்ரான் மட்டும்தான் வேணும், அப்ப இந்த அக்ரிலிக் லேயரையே இன்னும் மெல்லிசா போட்டு பாக்கறேன்.