ஜக்கூசியில் இறங்கினாலே இருமலும் அரிப்பும்: குளோரினைக் குறைக்கச் சொல்லலாமா?

தாமான்_செயலாளர்:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தாமான் கிளப்ஹவுசில் ஆறு பேர் உட்காரும் ஜக்கூசி ஒன்று இருக்கிறது. சுமார் 1,800 லிட்டர், சூடு 39 டிகிரி. கண்ணாடிக் கதவு போட்ட ஏர்கோன் அறை. நாளுக்குச் சராசரி 15 பேர் இறங்குகிறார்கள். மிதவையில் 90 சதவீத குளோரின் வில்லைகள் போடுகிறோம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுகிறோம். மஞ்சள் நிறம் காட்டும் சோதனைப் பெட்டியில் எப்போதும் 'சரி' என்றே வருகிறது. ஆனால் குமிழியை முடுக்கியதும் வாடை மூக்கில் ஏறுகிறது. பெரியவர்கள் இருமுகிறார்கள், பிள்ளைகளுக்குக் கண் சிவக்கிறது, சிலருக்கு உடம்பெல்லாம் அரிப்பு. குளோரினைக் குறைக்கச் சொல்லி கொமிட்டியில் பேச்சு. குறைக்கலாமா?

பம்ப்_ரூம்:
தயவுசெய்து குறைக்காதீர்கள். அந்த வாடை, வேலை செய்து தீர்ந்துபோன குளோரினின் வாடை. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள யூரியா, அம்மோனியாவோடு குளோரின் சேர்ந்தால் குளோரமீன் உண்டாகும். அதில் டிரைகுளோரமீன் என்ற வகை தண்ணீரில் தங்காது. குமிழி ஓடும்போது காற்றோடு கிளம்பி, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, சரியாக உங்கள் மூக்கு இருக்கும் உயரத்தில் நிற்கும். கண் எரிச்சல், தொண்டைக் கமறல், ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு எல்லாவற்றுக்கும் அதுதான் முதல் சந்தேகம்.

மஞ்சள் பெட்டியை ஒதுக்கி வையுங்கள். அது கிருமியைக் கொல்லும் கட்டற்ற குளோரினையும், குளோரமீனாக மாறிவிட்ட கட்டுண்ட குளோரினையும் பிரித்துக் காட்டாது. மொத்தமாகச் சேர்த்து நிறம் தரும். டிபிடி (DPD) என்ற மாத்திரைச் சோதனைப் பெட்டி வாங்குங்கள். 1ஆம் எண் மாத்திரை போட்டால் வரும் இளஞ்சிவப்பு, கட்டற்ற குளோரின். அதே குழாயில் 3ஆம் எண் மாத்திரையையும் போட்டால் மொத்தம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கட்டுண்டது, அதாவது குளோரமீன். அது 0.4 பிபிஎம்மைத் (லிட்டருக்கு 0.4 மில்லிகிராம்) தாண்டக் கூடாது. கட்டற்றது குறைந்தது 3, பிஎச் (நீரின் அமில, கார அளவு) 7.0 முதல் 7.8, சூடு 40 டிகிரிக்கு மேல் போகக் கூடாது: இவை பொது சுடுநீர்த் தொட்டிகளுக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லும் அளவுகள். ஒரு எச்சரிக்கை: குளோரின் 10 பிபிஎம்முக்கு மேல் இருந்தால் நிறம் வெளுத்து, 'குளோரினே இல்லை' என்பதுபோலத் தெரியும். சந்தேகம் வந்தால் மாதிரியில் பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த நீர் கலந்து மறுபடி பாருங்கள்.

அளந்துவிட்டு எண்களைப் போடுங்கள், மற்றதைப் பார்ப்போம்.

கிளினிக்_அக்கா:
அரிப்பைப் பற்றி நான் சொல்கிறேன். மருந்தால் வரும் எரிச்சல் பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் தெரியும். தண்ணீர் பட்ட இடமெல்லாம் வறண்டு அரிக்கும், சீழ் இருக்காது. ஒன்றிரண்டு நாள் கழித்து, குளியல் உடை ஒட்டியிருந்த இடத்தில் மயிர்க்கால் தோறும் சிவந்த கட்டி, சில நுனியில் சீழ் என்று வந்தால் அது சூடோமோனாஸ் கிருமி. குளோரின் குறைந்த சுடுநீரில் அது செழிக்கும். குளோரினைக் குறைத்தால் ஒரு நோயை விட்டு இன்னொன்றை அழைத்து வருகிறீர்கள். பெரும்பாலும் சில நாளில் தானே அடங்கும். பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ காட்ட வேண்டும்.

இருமல் வெளிக்காற்றில் வந்ததும் தணிந்தால் குளோரமீன் என்று ஊகிக்கலாம். காய்ச்சல், உடல்வலி, மூச்சுத் திணறல் என்று இரண்டு வாரத்துக்குள் வந்தால் காத்திருக்காதீர்கள். குமிழித் துளிகளோடு லெஜியோனெல்லா என்ற நிமோனியாக் கிருமி நுரையீரலுக்குள் போகும். டாக்டரிடம் "ஜக்கூசியில் இறங்கினேன்" என்று நீங்களாகச் சொல்லுங்கள், கேட்பார் என்று இருக்க வேண்டாம்.

தாமான்_செயலாளர்:
நன்றி அண்ணே, அக்கா. டிபிடியில் பார்த்தோம். கட்டற்றது 0.5, மொத்தம் 2.3, பிஎச் 6.7. அதிர்ச்சி மருந்து (ஒரேயடியாக நிறையக் குளோரின்) போட்டால் போதுமா?

பம்ப்_ரூம்:
கட்டுண்டது 1.8. கணக்குப்படி அதைப் போல் பத்து மடங்கு, 18 பிபிஎம் ஏற்ற வேண்டும்; 1,800 லிட்டருக்கு 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் 50 கிராம். ஆனால் நான் அதைச் சொல்ல மாட்டேன். வியர்வையில் வரும் சில கரிமப் பொருள்களின் குளோரமீன் இந்த அதிர்ச்சியிலும் உடையாது. உங்கள் தண்ணீர் களைத்துவிட்டது, மாற்றிவிடுங்கள்.

வில்லைதான் இதில் பெரிய காரணம். அது அமிலம், பிஎச் 6.7க்கு வந்தது அதனால்தான், பிஎச் இறங்க இறங்க டிரைகுளோரமீன் கூடும். அதோடு ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினுக்கும் 6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தை விட்டுப்போகும். நாளுக்கு 3 பிபிஎம் செலவானால் மூன்று மாதத்தில் சுமார் 160. அந்த அமிலம் குளோரினைப் பிடித்து வைத்து, கிருமியைக் கொல்லும் வேகத்தைக் குறைத்துவிடும். வெயிலில் குளோரின் அழியாமல் காப்பதுதான் அதன் வேலை; வெயிலே படாத அறைத் தொட்டிக்கு அது தேவையே இல்லை.

இப்படிச் செய்யுங்கள். ஆட்களை இறக்காமல், 10 பிபிஎம் குளோரினோடு ஜெட் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், கதவு திறந்திருக்கட்டும், அறையில் யாரும் நிற்க வேண்டாம். பிறகு வடித்து, சுவரையும் ஜெட் வாய்களையும் தேய்த்துக் கழுவுங்கள். வடிகட்டியை எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் கரைசலில் ஊறவையுங்கள்; எண்ணெய் பிடித்த வடிகட்டியை முதலில் அமிலத்தில் போட்டால் பிசுக்கு இறுகிவிடும். புதுத் தண்ணீரை ஆள் இறங்குமுன் சோதியுங்கள். தோட்டத்துக் கிணறு, ஓடை நீரானால் உரத்தின் அம்மோனியா முன்பே கலந்திருக்கக்கூடும், குளோரின் போட்டதுமே குளோரமீன் காட்டும். காரத்தன்மை (பிஎச் ஆடாமல் பிடித்து வைப்பது) 30 பிபிஎம் என்றால் ஆப்ப சோடா 150 கிராம் அதை 80க்குக் கொண்டுவரும். வில்லைக்குப் பதில் திரவக் குளோரின் போடுங்கள்; 10 சதவீதத் திரவம் 54 மில்லி, 3 பிபிஎம் தரும். வெயிலில் வைத்தால் திரவத்தின் வீரியம் போய்விடும், சிறு கேனாக வாங்குங்கள்.

மாற்றும் நாள்: லிட்டரை 11.4ஆல் வகுத்து, வருவதை ஆள் எண்ணிக்கையால் வகுங்கள். உங்களுக்குப் பத்து நாளுக்கு ஒருமுறை. மூன்று மாதம் மிக மிக நீளம்.

ஏர்கோன் அறைக்காற்றையே சுற்றிச் சுற்றி அனுப்புகிறது. நீர்மட்ட உயரத்தில் வெளியேற்றும் விசிறி ஒன்று, எதிர்ச்சுவரில் புதுக்காற்று வர ஒரு திறப்பு. இது இல்லாமல் மேற்சொன்னதில் பாதிதான் பலன்.

செம்பனை_வீதி:
குளோரினுக்குப் பதில் புரோமின் வில்லை போட்டால்?

கிளினிக்_அக்கா:
வாடை குறையும், ஆனால் தோலுக்கு அதுவே பிரச்சினை ஆகலாம். ஹைடன்டாயின் என்ற வேதிப்பொருள் சேர்ந்த புரோமின் வில்லைகள் தோல் அழற்சி தருவது தெரிந்த விஷயம். குளோரின் இல்லாத அதிர்ச்சி மருந்து என்று விற்கும் பொட்டாசியம் மோனோபெர்சல்பேட்டும் சிலருக்கு ஒவ்வாமை தரும். அதோடு டிபிடியில் அது கட்டுண்ட குளோரின் போலவே காட்டிக் குழப்பும்.

அதைவிட, இறங்குமுன் சோப்பு போட்டுக் குளிக்கச் சொல்லுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்து, பவுடர் பூசி, தோட்டத்து வியர்வையோடு இறங்கினால் எந்த மருந்தும் தாங்காது.

பம்ப்_ரூம்:
முக்கியமான ஒன்று. மிதவையில் மிச்சமுள்ள வில்லைத் தூளோடு கால்சியம் ஹைப்போகுளோரைட்டைச் சேர்க்காதீர்கள், தீப்பிடிக்கும், வெடிக்கும். மிதவையை மாற்றிவிடுங்கள், பழைய வாளி, கரண்டியும் வேண்டாம். அமிலமும் குளோரினும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது. மருந்தைத் தண்ணீரில் போடுங்கள், மருந்தின்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். மருந்தைத் தானாகக் குழாயில் செலுத்தும் ஊசிப் பம்ப் பொருத்தினால், சுற்றுப் பம்ப் நின்றதும் அதுவும் நிற்கும்படி மின் இணைப்பு வேண்டும். இல்லையென்றால் குழாயில் தேங்கிய குளோரினும் அமிலமும் பம்ப் திரும்ப ஓடும்போது வாயுவாகக் கிளம்பும். அப்படி நடந்தால் எல்லாரையும் வெளியே கொண்டுபோய் 999ஐ அழையுங்கள்.

வடித்த நீரை ஓடையில் நேரே விடாதீர்கள், மீன் செத்துப்போகும். மூடாமல் இரண்டு மூன்று நாள் விட்டு, டிபிடியில் குளோரின் தெரியாமல் போன பிறகு விடுங்கள்.