கிணற்றில் வந்த மைக்காக் கல்லில் இலித்தியம் இருக்க முடியுமா?

படுவான்கரை வாசகி (கேள்வி)

வணக்கம். கரடியனாற்றுக்கு மேற்கே உள்ள எங்கள் காணியில் சென்ற மாதம் கிணறு வெட்டியபோது, 18 அடிக்குக் கீழே கருங்கல் வந்ததால் வெடிவைத்து உடைக்க நேர்ந்தது. உடைந்த கல்லின் நடுவே ஒரு முழ அகலத்தில் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று ஓடுகிறது. அதில் உள்ளங்கை அளவான கறுப்பு மைக்கா, புத்தகத்தின் ஏடுகளைப் போல உரிகிறது. செய்தி பரவியதும் ஒருவர் துப்பாக்கி வடிவிலான ஒரு கருவியுடன் வந்து, கல்லின் மேல் அதை வைத்துப் பார்த்துவிட்டு, இதில் இலித்தியம் இருப்பதாகவும் காணியை 10 வருடக் குத்தகைக்குத் தரும்படியும் கேட்டார். அப்பா கையெழுத்திட ஆயத்தமாக இருக்கிறார். பிரான்சிலும் சீனாவிலும் கருங்கல்லிலிருந்தே இலித்தியம் எடுக்கிறார்கள் என்று நானும் வாசித்திருக்கிறேன். அப்படியானால் எங்கள் கருங்கல்லில் ஏன் இருக்க முடியாது? அந்தக் கற்களில் இலித்தியம் எப்படி வந்து சேர்ந்தது? தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால், அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

புவிச்சரிதவியல் படித்தவன், மட்டக்களப்பு

சகோதரி, முதலில் அந்தக் கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அப்பாவின் கையெழுத்து அதில்தான் தங்கியிருக்கிறது. துப்பாக்கி வடிவில் கையில் பிடிக்கும் கருவிகளில் மிகப் பெரும்பாலானவை எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையில் இயங்குபவை. இலித்தியம் மிக இலேசான மூலகம். அதிலிருந்து வெளிப்படும் கதிர் அந்தக் கருவியின் உணரியை எட்டவே எட்டாது. ஆகவே அவ்வகைக் கருவி இலித்தியத்தைக் காட்டியதாக ஒருவர் சொன்னால், அது நடக்க முடியாத ஒன்று. லேசரால் கல்லைச் சுட்டு அளக்கும் வேறொரு வகைக் கருவியால் இலித்தியத்தைக் காண முடியும்; வந்தவரிடம் அவருடையது எது என்று கேளுங்கள்.

இனி உங்கள் கேள்வி. கருங்கல் என்பது ஒரே வகைக் கல் அல்ல. புவியோட்டின் மேற்பகுதியில் ஒரு தொன் பாறைக்குச் சராசரியாக 20 கிராமுக்குச் சற்று மேலாக இலித்தியம் இருக்கிறது. பிரான்சின் நடு மேட்டுநிலத்தில் உள்ள பொவ்வார் கருங்கல்லில், இமெரிஸ் நிறுவனம் 2022 ஒக்டோபரில் அறிவித்த கணக்கின்படி, இலித்தியம் ஒக்சைட்டு ஏறத்தாழ 0.9 வீதம். உலோகமாகக் கணக்கிட்டால் ஒரு தொன்னில் 4 கிலோவுக்குச் சற்று அதிகம். அதாவது சராசரியைப் போல ஏறக்குறைய 200 மடங்கு. இந்த 200 மடங்கு எங்கிருந்து வந்தது என்பதே விடயம்.

கதை சேற்றில் தொடங்குகிறது. பாறைகள் உக்கும்போது கரையும் இலித்தியத்தில் ஒரு பகுதியைக் களிமண் பிடித்துக்கொள்கிறது. அந்தக் களி படிந்து, புதைந்து, மைக்கா நிறைந்த சிஸ்ட் பாறையாக மாறிய பின்பு, மலைகள் எழும் காலத்தில் 700 பாகை செல்சியசை அண்டிய வெப்பத்துக்கு உள்ளாகும்போது, மைக்கா சிதைந்து அதிலிருந்த நீர் வெளிப்பட, பாறையின் ஒரு சிறு பங்கு உருகுகிறது. அந்த உருகலோடு இலித்தியமும் மேலே ஏறுகிறது. பின்பு குழம்பு ஆறும்போது, கருங்கல்லின் பெரும்பகுதியான பெல்ஸ்பார், குவாட்ஸ் என்னும் கனிமங்கள் முதலில் பளிங்காகின்றன. இலித்தியத்துக்கு அவற்றின் கட்டமைப்பில் இடமில்லை என்பதால், அது எஞ்சிய குழம்பிலேயே தங்கிச் செறிகிறது.

ஆனால் இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். தொன்னுக்கு 100 கிராம் கொண்ட நல்ல குழம்பில் தொடங்கி, இலித்தியம் சிறிதும் இழக்கப்படவில்லை என்று கொண்டாலும், 4,000 கிராமை எட்டுவதற்கு 100 பங்கில் 97.5 பங்கு உறைந்து, இரண்டரைப் பங்கு மட்டும் பிரிந்து செல்ல வேண்டும். பாகுபோன்ற கருங்கற் குழம்பிலிருந்து அவ்வளவு சிறிய எச்சத்தை வடித்தெடுப்பது எளிதல்ல. அதை இயலச் செய்பவை புளோரின், போரன், பொசுபரசு ஆகியன; இவை குழம்பை இளக்கி, சாதாரணக் கருங்கல் உறைந்துவிடும் வெப்பநிலைக்கும் கீழே அதைத் திரவமாக வைத்திருக்கின்றன. ஆதியிலேயே வளமான மூலப்பாறையா, பின்வந்த வடிப்பா முக்கியம் என்ற விவாதம் ஆய்வாளரிடையே தொடர்கிறது. மேற்படி கணக்கைப் பார்க்கையில் இரண்டும் சேர்ந்தாலன்றி நடவாது என்றே நான் கருதுகிறேன். அதனால்தான் சீனாவின் யிசுன், செக்-ஜேர்மன் எல்லையின் சின்வால்ட் போன்ற இடங்களிலும் இலித்தியத்தோடு வெள்ளீயம், டன்டாலம், டோபாஸ் முதலியன ஒன்றாகக் காணப்படுகின்றன.

மட்டக்களப்பும் அம்பாறையும் விஜயன் தொகுதிப் பாறைகளின் மேல் இருக்கின்றன. இவை ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான கருங்கற்கள், பின்பு அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் நைஸ் பாறைகளாக மாறியவை. ஹோர்ன்பிளெண்ட் என்னும் கருநிறக் கனிமமும் கறுப்பு மைக்காவும் உள்ள இந்த வகை, பெரும்பாலும் களிப்படிவு உருகிப் பிறந்தது அல்ல. அதாவது கதையின் முதல் அத்தியாயமே இங்கு இல்லை.

அம்பாறையிலிருந்து ஓர் ஆசிரியர்

மேலேயுள்ள விளக்கத்துக்கு நன்றி. இருந்தாலும் ஓர் ஐயம். மகாஓயாவில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. வெந்நீரிலிருந்தும் இலித்தியம் பிரிக்க முயல்வதாக அறிகிறோம். கீழே வளமான கருங்கல் இருப்பதற்கு அது அறிகுறியாகாதா? மேலும், சகோதரி சொல்வது சாதாரண நைஸ் அல்லவே. பெரிய பளிங்குகள் கொண்ட பெக்மடைட் பட்டை என்று தோன்றுகிறது. அவுஸ்திரேலியாவின் கிரீன்புஷஸ் சுரங்கமும் பெக்மடைட் தானே?

புவிச்சரிதவியல் படித்தவன், மட்டக்களப்பு

ஐயா, வெந்நீரைப் பற்றிய பதில் சுருக்கமானது. மழைநீர் வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடாகித் திரும்புவதே நம் ஊற்றுகள். உப்பும் அவற்றில் குறைவு. இலித்தியம் பிரிக்க முயலும் இடங்களில், உதாரணமாக ஜேர்மனியின் மேல் ரைன் பள்ளத்தாக்கில், ஆழத்தில் நெடுங்காலம் தேங்கிய கடும் உப்புநீரே பயன்படுகிறது.

பெக்மடைட் பற்றிய உங்கள் கேள்வி சரியான இடத்தைத் தொடுகிறது. கிரீன்புஷஸ் பெக்மடைட் தான், அதில் இலித்தியத்தைத் தாங்கும் கனிமம் ஸ்பொடுமீன். ஆனால் பெக்மடைட்டுகளிலும் குலங்கள் உண்டு. ஒன்று இலித்தியம், சீசியம், டன்டாலம் சேரும் குலம். மற்றது தோரியம், அருமண் மூலகங்கள், நயோபியம் சேரும் குலம். ஆனந்த குமாரசுவாமி இலங்கைக் கனிய அளவைக்குப் பொறுப்பாக இருந்த 1904ஆம் ஆண்டில் சப்ரகமுவவிலிருந்து அறியப்பட்ட தோரியனைட் என்னும் தோரியக் கனிமம் இரண்டாவது குலத்தின் பக்கம் நிற்பது. நம் நாட்டுப் பெக்மடைட்டுகளை எளியவை என்று நான் ஒருபோதும் ஒதுக்கமாட்டேன். ஆனால் பளிங்கு பெரிதாக இருப்பது மட்டும் இலித்தியத்துக்குச் சான்றாகாது.

சகோதரி பார்க்க வேண்டியது நிறத்தை. கறுப்பு மைக்கா இரும்பும் மக்னீசியமும் கொண்டது. குழம்பு அதிகம் வடிக்கப்படவில்லை என்பதையே அது சொல்கிறது. வெள்ளி நிற மைக்கா, லெபிடோலைட் எனப்படும் இளம் ஊதா நிற இலித்திய மைக்கா, பச்சை அல்லது இளஞ்சிவப்பு டூர்மலின், தகடு தகடான வெள்ளைப் பெல்ஸ்பார் இவற்றில் ஒன்றாவது பட்டையின் நடுப்பகுதியில் இருக்கிறதா? இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

வளமான கல் கிடைத்தாலும் அது தாதுவாகிவிடாது. ஒக்சைட்டு 0.4 வீதம் உள்ள கல்லிலிருந்து சந்தையில் விற்கப்படும் வடிவமான இலித்தியம் காபனேற்றை ஒரு தொன் பெற, எதுவும் வீணாகாது என்று வைத்தாலும், 100 தொன் கல்லை உடைத்து அரைக்க வேண்டும். மைக்காவிலிருந்து பிரிப்பதற்கு அதை இரசாயனங்களோடு வறுக்க வேண்டும். புளோரினும் கழிவும் வெளிவரும். சராசரிக் கருங்கல்லானால் அதே ஒரு தொன்னுக்கு 8,000 முதல் 9,000 தொன் வரை உடைக்க வேண்டும். சீனாவில் காபனேற்றின் விலை 2022 இறுதியில் ஒரு தொன் 6 இலட்சம் யுவானை அண்மித்து, ஓராண்டில் 1 இலட்சத்துக்கு அருகே விழுந்தது. அந்த வீழ்ச்சியைத் தாங்கக்கூடிய கருங்கற்கள் உலகிலேயே சிலதான்.

படுவான்கரை வாசகி

அண்ணா, எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்று கிணற்றடிக்குச் சென்று பட்டையை ஓரம் முதல் ஓரம் வரை பார்த்தேன். கறுப்பு மைக்காவும் இளஞ்சிவப்புப் பெல்ஸ்பாரும் மங்கலான குவாட்சும் தவிர வேறெதுவும் இல்லை. ஆயினும் உறுதியாக அறிய வழியுண்டா? குத்தகைக்காரருக்கு என்ன சொல்வது?

புவிச்சரிதவியல் படித்தவன், மட்டக்களப்பு

உண்டு. பெல்ஸ்பார்த் துண்டுகள் நான்கைந்தை வெவ்வேறு இடங்களில் எடுத்துப் பொதியிட்டு, எங்கே எடுத்தது என்று எழுதி வையுங்கள். அவற்றில் பொற்றாசியத்துக்கும் ரூபீடியத்துக்கும் உள்ள விகிதத்தை அந்த எக்ஸ் கதிர்க் கருவியாலேயே அளக்கலாம். பலமுறை வடிக்கப்பட்ட குழம்பானால் ரூபீடியம் ஏறி, விகிதம் 30க்கும் கீழே இறங்கும். நூற்றுக்கணக்கில் நின்றால் செலவை அத்துடன் நிறுத்திவிடலாம்.

குத்தகைக்காரரிடம் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் ஆய்வு அனுமதிப்பத்திரத்தைக் கேளுங்கள். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி, காணி உங்களுடையதாக இருந்தாலும் நிலத்தடிக் கனியங்கள் அரசுக்குரியவை. அனுமதியின்றித் தேடுவதற்கே அவருக்கு உரிமையில்லை. அதைக் காட்டும்வரை அப்பா பேனாவைத் தொட வேண்டாம். கிணற்றில் ஊற்று வந்துவிட்டதா?