ஸ்பிளிட் டோனிங்: முகத்தில் பச்சை படிகிறது, வெளிச்சப் பகுதியில் நிறம் ஏறவில்லை – உதவி தேவை

ஜன்னலோரம்:

வணக்கம் நண்பர்களே. ஜன்னலுக்கு அருகே அமர்ந்திருக்கும் ஒரு முதியவரின் கருப்பு வெள்ளைப் படத்தில் ஸ்பிளிட் டோனிங் (நிழலுக்கு ஒரு சாயம், வெளிச்சத்துக்கு வேறொரு சாயம் ஏற்றுவது) செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிழலில் குளிர்ந்த நீலம், வெளிச்சம் விழும் பக்கத்தில் இளமஞ்சள், இரண்டுக்கும் நடுவே முகம் இயல்பாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். வருவதோ வேறு.

முதலாவது, கன்னத்திலும் கழுத்திலும் மெல்லிய பச்சை படிகிறது. மனிதர் நோயாளியைப் போலத் தெரிகிறார். இரண்டாவது, ஜன்னல் சட்டமும் நரைமுடியின் ஓரமும் மஞ்சளை ஏற்கவே இல்லை. சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் செறிவை, எவ்வளவு கூட்டினாலும் அங்கே வெள்ளைதான்; மற்ற இடமெல்லாம் கெட்டுப்போகிறது. மூன்றாவது, இன்க்ஜெட்டில் அச்சிட்டேன். தாளில் நிறத்தின் சுவடே இல்லை, வெறும் சாம்பல்.

லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளின் கலர் கிரேடிங்கில் இப்போதுள்ள எண்கள் (ஷேடோ நிழல், ஹைலைட் வெளிச்சம், ஹியூ நிறவட்டத்தில் நிறத்தின் பாகை): ஷேடோ ஹியூ 200, சாச்சுரேஷன் 40. ஹைலைட் ஹியூ 60, சாச்சுரேஷன் 45. பேலன்ஸ் 0, பிளெண்டிங் 100. மூலக்கோப்பு ரா (கேமராவின் பதப்படுத்தாத கோப்பு). எங்கிருந்து தொடங்குவது?

பிக்சல் தச்சன்:

உங்கள் எண்களிலேயே விடை இருக்கிறது. ஷேடோவும் ஹைலைட்டும் தனித்தனி அறைகள் அல்ல. நடுத்தொனியில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. முகத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. ஆகவே நீங்கள் தேர்ந்தெடுப்பது இரண்டு நிறங்களை அல்ல, மூன்றை. மூன்றாவது நிறம் கேட்காமலே வந்து சேரும்.

ஹியூ 200 என்பது பச்சை கலந்த நீலம். 0 முதல் 1 வரையான அளவில் சொன்னால் சிவப்பு 0, பச்சை 0.67, நீலம் 1. 60 என்பது சுத்த மஞ்சள்: சிவப்பு 1, பச்சை 1, நீலம் 0. இரண்டின் சராசரியைப் பாருங்கள்: சிவப்பு 0.5, பச்சை 0.83, நீலம் 0.5. அந்தக் கன்னத்துப் பச்சை இதுதான். மென்பொருள் உள்ளே செய்யும் கணக்கு இவ்வளவு எளிமையானது இல்லை. ஆனாலும் நிறம் போகும் திசை இதுவே.

இப்போது 220ஐயும் 40ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். 220க்கு 0, 0.33, 1. 40க்கு 1, 0.67, 0. சராசரி மூன்றிலும் 0.5, அதாவது சாம்பல். நிறவட்டத்தில் இரண்டுக்கும் இடையே சரியாக 180 பாகை இருந்தால் சந்திக்கும் இடத்தில் நிறம் அணைந்துவிடும். முகம் கருப்பு வெள்ளையாகவே நிற்கும். 230, 50 இணையும் அப்படியே. உங்கள் 200க்கும் 60க்கும் இடைவெளி 140தான். மிச்சமிருக்கும் 40 பாகைதான் பச்சையாக வெளிப்படுகிறது.

அடுத்து பிளெண்டிங். அதை 100இல் வைத்தால் இரண்டு நிறங்களும் மிக அகலமாக ஒன்றையொன்று தழுவும். 2020இல் கலர் கிரேடிங் வருவதற்கு முன்பிருந்த பழைய ஸ்பிளிட் டோனிங் பலகத்தின் நடத்தை அது. 50க்குக் கொண்டுவாருங்கள், கலக்கும் பகுதி குறுகும். பிறகு பேலன்ஸ். அதைக் கூட்டினால் ஹைலைட் நிறத்தின் ஆட்சி கீழிறங்கி நடுத்தொனிக்கும் வரும்; குறைத்தால் நிழலின் நிறம் மேலேறும். முகம் எந்தப் பக்கம் சேர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இந்த ஒரு குமிழ்தான். உங்கள் படத்துக்கு +15 முதல் +30 வரை வைத்துப் பாருங்கள்.

சாச்சுரேஷன் 40 அதிகம், மிக அதிகம். நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் தற்காலிகமாக 100 வரை ஏற்றி, எந்த நிறம் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு, 8 முதல் 15க்குள் இறக்கிவிடுங்கள்.

இரண்டாவது சிக்கலுக்கு, ஜன்னல் சட்டத்தின் மேல் கர்சரை வைத்து எண்களைப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வழித்தடத்திலும் நூறு சதவீதம் என்றால் அங்கே நிறத்துக்கு இடமே இல்லை. மஞ்சள் ஆக வேண்டுமானால் நீலம் மற்ற இரண்டையும்விடக் குறைய வேண்டும். முழு வெள்ளை அதற்கு வழிவிடாது. முழுக்கருப்புக்கும் இதே கதிதான். தொனிகளை ஏற்றி இறக்கும் வளைகோடான டோன் கர்வின் வலது மேல் முனையை 255இலிருந்து 243 அளவுக்கு இறக்குங்கள், இடது கீழ் முனையை 10க்கு ஏற்றுங்கள். நிறம் தானாக ஏறும்.

சிவப்பு விளக்கு:

பச்சைக்குச் சொன்ன விளக்கம் முழுக்கச் சரி. கர்வின் மேல்முனையை இறக்கச் சொன்னதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

இருட்டறையில் செபியா (அச்சைப் பழுப்பாக்கும் ரசாயன முறை) செய்யும்போது தாளின் வெறும் வெள்ளையில் நிறம் ஏறாது. டோனர் என்ற அந்த ரசாயனம் வேலை செய்வது படத்தை உருவாக்கும் வெள்ளி உலோகத்தின்மேல். வெள்ளி இல்லாத இடத்தில் அதற்குப் பிடிமானமே கிடையாது. ஜன்னல் சட்டத்தில் தாள் வெள்ளையாக மிஞ்ச, அதற்கு ஒரு படி கீழேயுள்ள தொனியில் வெதுவெதுப்பு தொடங்குவதுதான் அந்த அச்சுகளின் அழகு. படத்தில் எங்காவது ஒரு சுத்த வெள்ளை இருந்தால்தான் கண் மற்ற இடத்து மஞ்சளை மஞ்சளாக உணரும். அதையும் மஞ்சளாக்கிவிட்டால் படம் முழுவதும் பழுப்பேறிய தாளாகத் தெரியும்.

ஆகவே ஜன்னல் சட்டத்தை விட்டுவிடுங்கள். நரைமுடியில் இழை தெரிய வேண்டும்; அங்கே மட்டும் ஹைலைட் ஸ்லைடரைக் குறைத்து விவரத்தை மீட்டால் போதும். விவரம் வந்தால் நிறமும் வரும்.

பிக்சல் தச்சன்:

முடிக்கு நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், ஐயா. ஆனால் வெள்ளை ஓரமுள்ள தாளில் அச்சிடும்போது படத்துக்குள்ளிருக்கும் பெரிய வெறுமையான வெள்ளை, தாளின் ஓரத்தோடு கரைந்து ஓட்டையாகத் தெரியும். அதனால்தான் சற்றே இறக்கச் சொன்னேன். திரையில் மட்டும் காட்டும் படத்துக்கு உங்கள் வழியே மேல்.

மேட் தாள்:

அச்சைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பிரிண்டர் அமைப்பில் ‘கருப்பு வெள்ளைப் படம்’ என்ற முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா? அந்த முறை கோப்பிலுள்ள நிறத்தை முதலில் தூக்கி எறிந்துவிட்டு, சாம்பல் மைகளை முதன்மையாக வைத்து அச்சிடும். சாயம் வேண்டுமென்றாலும் படம் முழுவதற்கும் சேர்த்துத்தான் தரும். உங்கள் இரட்டை நிறம் தாளுக்கு வந்துசேர வழியே இல்லை.

நிறப்படம் அச்சிடும் முறைக்கு மாற்றுங்கள். நிற நிர்வாகத்தை மென்பொருளிடம் விடுங்கள், அந்தத் தாளுக்கும் பிரிண்டருக்கும் உரிய நிற விவரக்கோப்பான ஐசிசி புரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள், பிரிண்டரின் சொந்த நிறத்திருத்தத்தை அணையுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் திருத்தினால் விளைவு கணிக்க முடியாதபடி போகும். ஏற்றுமதி செய்யும்போது கிரேஸ்கேல் (சாம்பல் மட்டுமுள்ள) புரொஃபைல் எதுவும் ஒட்டிக்கொள்ளவில்லை என்பதையும் பாருங்கள். எஸ்ஆர்ஜிபி அல்லது அடோபி ஆர்ஜிபி என்ற வண்ணப் புரொஃபைலாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. வண்ண மைகளால் உருவான சாம்பல் ஒவ்வொரு விளக்கிலும் ஒவ்வொரு மாதிரி தெரியும். பகல் வெளிச்சத்தில் சரியாக இருந்த அச்சு, வீட்டு விளக்கில் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயலாம். படம் எங்கே மாட்டப்படுமோ அந்த வெளிச்சத்தில் வைத்து ஒரு சிறு துண்டை முதலில் பாருங்கள். பளபளப்புத் தாளைவிட மேட் தாளில் கருப்பின் ஆழம் குறைவு என்பதையும் மனத்தில் வையுங்கள்.

ஜன்னலோரம்:

மூவருக்கும் நன்றி. 220, 40 என்று மாற்றியதும் பச்சை அகன்றுவிட்டது. சாச்சுரேஷன் நிழலில் 12, வெளிச்சத்தில் 10. பேலன்ஸ் +20. முகம் இப்போது மெல்லிய வெதுவெதுப்போடு உயிருடன் இருக்கிறது. பிளெண்டிங்கை 50க்கு இறக்கியபோது மூக்கின் நிழலோரம் தெளிவானது. அந்த மாற்றத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஜன்னலை வெள்ளையாகவே விட்டேன், முடியின் விவரத்தை மட்டும் மீட்டேன். பிரிண்டரில் மேட் தாள் அவர்கள் சொன்ன முறைதான் இயங்கிக்கொண்டிருந்தது. மாற்றியதும் நிறம் வந்துவிட்டது.

புதிதாக ஒன்று. அவருக்குப் பின்னாலிருக்கும் சுவரில், நீலம் தேய்ந்து மஞ்சளாகும் இடத்தில், படிப்படியாகக் கோடுகள் தெரிகின்றன. கோப்பை இன்னொரு மென்பொருளுக்குக் கொண்டுபோய் கர்வ் போட்ட பிறகுதான் இது தெரிகிறது.

பிக்சல் தச்சன்:

ஜேபெக்காக எடுத்துச் சென்றிருப்பீர்கள். அது 8 பிட். ஒரு வழித்தடத்துக்கு 256 படிகள்தான். வெறுமையான சுவரில் மிக மெதுவாக மாறும் தொனிக்கு அதிலும் சில படிகளே கிடைக்கின்றன; அதன்மேல் கர்வ் போட்டு விரித்தால் படிகளுக்கு இடையில் பள்ளம் விழும். 16 பிட் டிஃப் கோப்பாக எடுத்துச் செல்லுங்கள், ஜேபெக் கடைசியில் மட்டும். அதற்குப் பிறகும் லேசாகத் தெரிந்தால் சிறிதளவு கிரெயின் (மணல் போன்ற துகள்) சேருங்கள். கோடுகளை உடைக்கும், கருப்பு வெள்ளைக்கும் பொருந்தும்.

திரையில் இரவுநேர மஞ்சள் வடிகட்டி அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த நிறமுடிவு எதையும் நம்ப முடியாது. சாயமில்லாத பிரதி ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதும் அவசியம். கண் சில நிமிடங்களில் எந்தச் சாயத்துக்கும் பழகிவிடும். பிறகு கை தானாகச் சாச்சுரேஷனைக் கூட்டும்.

புதுத்தூரிகை:

நடுவில் ஒரு கேள்வி. என்னிடம் லைட்ரூம் இல்லை, ஜிம்ப் என்ற வேறொரு படத்திருத்த மென்பொருள்தான். நிறம் தொடர்பான கருவிகள் எதைத் தொட்டாலும் படம் சாம்பலாகவே இருக்கிறது.

பிக்சல் தச்சன்:

படம் கிரேஸ்கேல் முறையில் இருக்கும். இமேஜ் மெனுவில் மோடு சென்று ஆர்ஜிபி ஆக்குங்கள். பிறகு அடுக்கை நகலெடுத்து, அடர்நீலத்தில் தொடங்கி நடுவில் சாம்பல் வழியாக இளமஞ்சளில் முடியும் கிரேடியன்ட் ஒன்றை உருவாக்கி, நகலின்மேல் கிரேடியன்ட் மேப் (ஒவ்வொரு தொனிக்கும் அந்த வரிசையின் நிறத்தை ஏற்றும் கருவி) போடுங்கள். அந்த அடுக்கின் மோடை எல்சிஹெச் கலர் ஆக்கினால் வெளிச்சத்தின் அளவு அடி அடுக்கிலிருந்தும் நிறம் மட்டும் மேலடுக்கிலிருந்தும் வரும். ஒபாசிட்டியை (அடுக்கின் அடர்த்தியை) இருபது சதவீதத்தில் தொடங்குங்கள். நடுச்சாம்பல் புள்ளியை நீங்களே நகர்த்தலாம் என்பதால் ஒரு வகையில் இது லைட்ரூமைவிடக் கட்டுப்பாடான வழி.

ஜன்னலோரம்:

சிவப்பு விளக்கு ஐயா, உங்கள் செபியா விளக்கத்தைப் படித்ததிலிருந்து ஒரு ஆசை. இருட்டறையில் செலினியமும் செபியாவும் சேர்த்துச் செய்யும் ஸ்பிளிட் எப்படி நடக்கிறது? அந்தத் தோற்றத்தைத் திரையில் கொண்டுவர முடியுமா?

சிவப்பு விளக்கு:

சொல்கிறேன். அங்கே நிறத்தை யாரும் நிழலுக்கு இது, வெளிச்சத்துக்கு அது என்று பூசுவதில்லை. இரண்டு ரசாயனங்களும் வெள்ளியை எதிரெதிர் முனைகளிலிருந்து தின்னத் தொடங்குகின்றன. அதனால்தான் பிளவே உண்டாகிறது.

செலினியம் அடர்ந்த நிழலில் முதலில் வேலை செய்யும். நீர்த்த கரைசலில், உதாரணமாக 1:19 என்ற விகிதத்தில், அச்சை இட்டுக் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். கருப்பு ஆழமாகி, வார்ம்டோன் தாள் என்றால் ஊதா கலந்த பழுப்புக்கு நகரும். நடுத்தொனிக்கு ஏறுவதற்குள் வெளியே எடுத்துக் கழுவிவிட வேண்டும். பிறகு பிளீச்: பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் பொட்டாசியம் புரோமைடும் கலந்தது. இது மெல்லிய வெளிச்சப் பகுதியிலிருந்து தொடங்கும். செலினியம் பிடித்த நிழல் பெருமளவு தாக்குப்பிடிக்கும். வெளிச்சப் பகுதி வெளிறியதும் கழுவி, தயோயூரியா டோனரில் இட்டால் அங்கே செபியா எழும். தயோயூரியாவோடு சேர்க்கும் சோடியம் ஹைட்ராக்சைடு கூடினால் குளிர்ந்த அடர்பழுப்பு, குறைந்தால் மஞ்சட்பழுப்பு. செபியாவில் வெளிச்சப் பகுதி சற்று வெளிறும். ஆகவே அச்சை முதலிலேயே கொஞ்சம் அடர்த்தியாக எடுக்க வேண்டும்.

தாள் மிக முக்கியம். குளோரோபுரோமைடு வார்ம்டோன் தாளில் இந்த வேறுபாடு கண்ணுக்கு நன்றாகத் தெரியும். நியூட்ரல் தாளில் செலினியம் கருப்பை ஆழமாக்குமே தவிர நிறத்தை அதிகம் மாற்றாது. மிச்ச வெள்ளி உப்பை நீக்கும் ஃபிக்சரின் வேலை முழுமையடையாமலோ கழுவல் போதாமலோ இருந்தால் மஞ்சள் கறை விழும். அதைத் திருத்த முடியாது. செலினியம் நஞ்சு. கையுறை, காற்றோட்டம் இரண்டும் கட்டாயம். பிளீச்சின் பக்கம் வலுவான அமிலம் எதுவும் வரக்கூடாது. நச்சு வாயு உண்டாகும்.

திரைக்கு: நிழலுக்கு ஹியூ 345, வெளிச்சத்துக்கு 40, இரண்டுக்கும் சாச்சுரேஷன் 10க்கு மேல் வேண்டாம். இந்த இணை எதிர்நிறங்கள் அல்ல, அண்டை நிறங்கள். நடுவில் சாம்பலுக்குப் பதிலாகச் செம்பழுப்பு வரும். மனிதத் தோலுக்கு அது பகையில்லை. உங்கள் முதியவருக்கு நீலத்தைவிட இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

ஜன்னலோரம்:

செய்து பார்த்தேன், ஐயா. கைகளின் சுருக்கத்தில் அந்தச் செம்பழுப்பு நிற்பதைப் பார்த்தால் நீலத்துக்குத் திரும்ப மனம் வரவில்லை. அதே இடத்தில் எடுத்த வேறு படங்களும் இருக்கின்றன; ஒரே பிரீசெட்டை (சேமித்துவைத்த அமைப்பை) எல்லாவற்றுக்கும் போடலாமா?

சிவப்பு விளக்கு:

ஹியூவையும் சாச்சுரேஷனையும் பொதுவாக வையுங்கள்; தொடர் ஒன்றாக நிற்கும். பேலன்ஸை மட்டும் ஒவ்வொரு படத்துக்கும் தனியாகத் திருப்புங்கள். இருண்ட படத்தில் முகம் நிழல் பக்கம் இறங்கியிருக்கும். அதே +20 அங்கே போதாது. எல்லாவற்றையும் சிறு அச்சுகளாக எடுத்து ஒரே விளக்கின்கீழ் வரிசையாக வைத்துப் பார்த்தபின் பெரிய அளவுக்குப் போங்கள்.