புதுப்பிப்பு: உதவி நாய்க்குட்டி எங்கள் வீட்டில்

மாற்றுத்திறனாளி ஒருவருக்கு உதவப் போகும் லாப்ரடார் குட்டியைத் தன்னார்வமாக வளர்க்கிறோம் என்று முன்பு எழுதியிருந்தேன். "மதுரைச் சத்தம் தாங்குமா?" என்று கேட்டிருந்தீர்கள். தாங்குகிறது.

குட்டிகள் உலகத்தோடு எளிதில் பழகுவது சுமார் 3 முதல் 14 வார வயதில்தான். தடுப்பூசிகள் முடியட்டும் என்று காத்திருந்தால் அந்தப் பருவம் போய்விடும். அதனால் பார்வோ (குட்டிகளைக் கொல்லக்கூடிய வைரஸ் நோய்) பயத்தில் தரையில் விடாமல், தூக்கிக்கொண்டே மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக் காட்டினோம். இப்போது பஸ் ஹாரனுக்குக் காதைக்கூட அசைப்பதில்லை. பகலில் தார் ரோடு பாதத்தைச் சுடும். நடையெல்லாம் விடியற்காலையில், தெப்பக்குளத்தைச் சுற்றி.

தலைவலி அப்பத்தாதான். "பச்சப்புள்ள மாதிரி பாக்குதே" என்று தட்டிலிருந்து தோசையைப் பிய்த்துப் போடுகிறார். சாப்பிடுகிறவர்களிடம் கெஞ்சும் பழக்கம் வந்தால் உதவி நாய் வேலைக்கு ஆகாது. ஒன்றரை வயது வாக்கில் மேல்பயிற்சிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அதை அப்பத்தாவிடம் யார் சொல்வது என்றுதான் இப்போது வீட்டில் பஞ்சாயத்து.