மாற்றாந்தாயை என்ன செய்வது?

இராக்கதை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். வாரத்துக்கு ஒரு நாட்டுப்புறக் கதைன்னு என் குரல்லயே பதிவு பண்ணி, தூங்கப்போற பிள்ளைங்களுக்காகப் போட்டுக்கிட்டு வரேன். நாற்பது கதை தாண்டியாச்சு. கோழிக்கால் மேல நிக்கிற குடிசையில ரஷ்யக் கிழவி பாபா யாகா வந்தா, உரல்ல உட்கார்ந்து பறந்தா, யாரும் வாயே திறக்கலை. ஜப்பான் மீனவன் உராஷிமா டாரோ பெட்டியைத் திறந்த நொடியில கிழவனாகிப் போனான், அதுக்கும் ஒரு புகார் வரலை. போன மாசம் ஹான்ஸல், கிரெட்டல் கதை சொன்னேன். மாட்டிக்கிட்டேன்.

கதை உங்களுக்குத் தெரியும். பஞ்சம். விறகுவெட்டி வீட்டுல சாப்பாடு இல்லை. ரெண்டு பிள்ளைங்களையும் காட்டுல விட்டுட்டு வரலாம்னு மாற்றாந்தாய் சொல்றா, அப்பா முதல்ல மறுத்து, அப்புறம் ஒத்துக்கிறார். அதை ஒட்டுக்கேட்ட ஹான்ஸல், வழி அடையாளத்துக்கு ராத்திரியே கூழாங்கல் பொறுக்கி வெச்சுக்கிறான். அப்புறம் காட்டுல பிள்ளைங்களைத் தின்னுற கிழவிகிட்ட மாட்டி, தப்பிச்சு வீடு வராங்க. நானும் அப்படியே சொன்னேன். மாற்றாந்தாய்க்குன்னு கொஞ்சம் கீச்சுக்குரல் வேற போட்டேன், அதுல எனக்கு ஒரு பெருமை.

மறுநாள் ஒரு மெசேஜ். "நான் என் பையனுக்கு ரெண்டாவது அம்மா. அவனுக்கு அஞ்சு வயசு. ரெண்டு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா என்கிட்ட ஒட்டிக்கிட்டு வரான். நேத்து கதை முடிஞ்சதும் போர்வையை இழுத்துக்கிட்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துட்டான். உங்க மேல கோபம் இல்லை, சொல்லணும்னு தோணுச்சு." அவ்வளவுதான். திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்.

பதிவை எடுத்துட்டேன். திரும்பச் சொல்லணும், ஆனா எப்படின்னு தெரியலை. பிள்ளைங்க தானா வழி தவறிட்டாங்கன்னு மாத்தி என் பொண்ணுகிட்ட ஒத்திகை பார்த்தேன். ரெண்டாவது நிமிஷத்துலயே கேட்டா: "அப்போ ராத்திரியே எதுக்கு எழுந்துபோய் கூழாங்கல் பொறுக்கினான்?" பதில் இல்லை. பெத்தவங்க பேசினதை ஒட்டுக்கேட்டதாலதானே பொறுக்கினான். ஒரு செங்கல்லை உருவினேன், மொத்தச் சுவரும் சரிஞ்சிடுச்சு.

பழைய கதையை எவ்வளவு தூரம் தொடலாம்? நீங்கல்லாம் என்ன செய்வீங்க?

சொன்னதுசொன்னபடி

தொடவே கூடாது. மூலத்துல மாற்றாந்தாய்னா மாற்றாந்தாய்தான். ஒவ்வொருத்தர் மனசுக்கும் ஏத்த மாதிரி வளைச்சா கடைசில ஓநாய் புல்லு தின்னும். பிடிக்காதவங்க வேற கதை கேக்கட்டும்.

பழம்பெட்டி

சொன்னதுசொன்னபடி தம்பி, எந்த மூலம்?

இந்தக் கதையைத் தொகுத்த ஜெர்மன்காரங்க கிரிம் சகோதரர்கள் 1812-ல முதல் தொகுதி போட்டப்போ, பிள்ளைங்களைக் காட்டுல விடச் சொன்னது பெத்த தாய்தான். மாற்றாந்தாயே கிடையாது. பதிப்பு மாற மாற அவங்கள்ல இளையவர் வில்ஹெல்ம் கை வெச்சுக்கிட்டே வந்தார். 1840 பதிப்புலதான் அவ மாற்றாந்தாய் ஆனா. பனிவெண்மை (ஸ்னோ ஒயிட்) கதையும் இதே கதிதான்: முதல் பதிப்புல பொண்ணைக் கொல்லச் சொன்னது பெத்தவ, 1819-ல சின்னம்மா ஆயிட்டா. பெத்த தாய் இப்படிச் செய்வாளான்னு அன்னிக்குப் படிச்சவங்க மனசு நோகக் கூடாதேன்னு செஞ்ச மாத்தம். இன்னிக்கு அதே மாத்தம் இன்னொருத்தியைப் போய் குத்துது. ஆக, இராக்கதை, நீங்க தொடப்போறது ஏற்கெனவே தொட்ட இடம்தான். பயப்படாதீங்க.

நான் முப்பது வருஷமா பிள்ளைங்களுக்குக் கதை சொல்றவ. எழுதி வெச்சு இல்லை, நேரா மூஞ்சியைப் பார்த்து. ஆரம்பத்துல நானும் கதையில எது உறுத்துதோ அங்க கத்தரி போட்டுடுவேன். பாதி நேரம் உங்க பொண்ணு கேட்ட மாதிரி ஒரு கேள்வியில கதை படுத்துடும். அப்புறம் ஒரு பழக்கம் வந்தது. எதையும் மாத்துறதுக்கு முன்னாடி அந்தக் கதையோட அக்கா தங்கச்சிங்களைத் தேடுவேன். ஒரு கதை ஒரே ஊர்ல ஒரே வாயில பிறக்கிறதில்லை. சிண்ட்ரெல்லாவை எடுங்க. மரியன் காக்ஸ்னு ஒரு அம்மா 1893-லயே 345 வடிவம் திரட்டி வெச்சிருந்தாங்க. சீனாவுல ஒன்பதாம் நூற்றாண்டுல எழுதி வெச்ச யே ஷியன் கதையில தேவதையும் இல்லை, பூசணி வண்டியும் இல்லை. அவ வளர்த்த மீனோட எலும்புதான் கேட்டதெல்லாம் கொடுக்கும். கண்ணாடிச் செருப்பு 1697-ல பிரான்ஸ்ல பெரோ எழுதினது. கிரிம் கதையில தங்கச் செருப்பு, அதுக்குள்ள கால் நுழையறதுக்காக ஒருத்தி கட்டைவிரலை வெட்டிக்கிறா, இன்னொருத்தி குதிகாலை.

இந்தத் தேடல் கைகொடுத்த இடம் ஒண்ணு சொல்றேன். சிவப்புத் தொப்பிக்காரி. பாட்டியைப் பார்க்கப் போற பொண்ணு, பாட்டி மாதிரி கட்டில்ல படுத்திருக்கிற ஓநாய், அந்தக் கதை. பெரோ சொன்னதுல ஓநாய் அவளைத் தின்னுடும், அதோட கதை முடிஞ்சது, காப்பாத்த ஆளே வராது. கிரிம் சொன்னதுல வேட்டைக்காரன் வந்து வயித்தைக் கிழிச்சு வெளிய எடுப்பான். எனக்கு ரெண்டுமே ஒட்டலை. செத்துப்போனாலும் சரி, எவனோ வந்து காப்பாத்தினாலும் சரி, அந்தப் பொண்ணு சும்மாவே இருக்கா. நானா ஒரு முடிவு கட்டினேன், கராத்தே எல்லாம் போட்டு. பிள்ளைங்க சிரிச்சாங்க, ஆனா ஒருத்தரும் நம்பலை.

அப்புறம் பிரெஞ்சுக் கிராமத்து ஜனங்க வாய்மொழியா சொல்லிக்கிட்டு இருந்த வடிவம் கண்ணுல பட்டது. அதுல தொப்பியும் கிடையாது. கட்டில்ல படுத்திருக்கிறது பாட்டி இல்லைன்னு பொண்ணுக்குப் பிடிபட்டுடுது. "பாட்டி, எனக்கு வெளிய போகணும்"ங்கிறா. "இங்கயே போ"ங்குது அது. "முடியாது"ன்னு அடம்பிடிக்கிறா. சரின்னு அவ கால்ல ஒரு கயித்தைக் கட்டி அனுப்புது. வெளிய வந்ததும் கயித்தை அவிழ்த்து ஒரு பிளம் மரத்துல கட்டிட்டு ஓடிப்போயிடறா. உள்ள இருந்து அது "இன்னுமா முடியலை?"ன்னு கயித்தை இழுத்து இழுத்துப் பார்க்குது. இந்த இடத்துல எந்தப் பிள்ளையும் சிரிச்சு உருளாம இருந்ததில்லை. இன்னிக்குக் காலத்துக்கு வேணும்னு நான் மண்டையை உடைச்சுக்கிட்ட அந்த முடிவு பழசுலயே இருந்திருக்கு. புத்தகம் போட்டவங்களுக்கு மூத்திரம் அநாகரிகமாப் பட்டிருக்கும் போல.

இப்ப உங்க கதைக்கு வரேன். அதுல பஞ்சம் இருக்கே, அதை எத்தனை வாக்கியத்துல சொன்னீங்க? ஒண்ணு? பசியை ஒரு வரியில தாண்டிட்டா எவளாவது ஒருத்தி கெட்டவளா இருந்தே ஆகணும், இல்லாட்டி பிள்ளைங்க காட்டுக்கே போக மாட்டாங்க. பசியை நல்லா சொல்லுங்க. வீட்டுல எத்தனை பேர், ரொட்டி எத்தனை துண்டு. அப்ப அந்த ராத்திரிப் பேச்சை அம்மாவும் பேசலாம், அப்பாவும் பேசலாம், ரெண்டு பேரும் சேர்ந்தும் பேசலாம். "மாற்றாந்தாய்"ங்கிற சொல்லே வராது. கூழாங்கல் எங்கயும் போகாது.

தயவுசெஞ்சு அடுப்பை எடுத்துடாதீங்க. கிரெட்டல் கிழவியை அடுப்புக்குள்ள தள்ளுறது பெரியவங்களுக்குத்தான் பயம். பிள்ளைங்க அந்த இடத்தைத் திரும்பச் சொல்லச் சொல்லுவாங்க. அண்ணன் கூண்டுக்குள்ள விரலுக்குப் பதிலா எலும்பை நீட்டி ஏமாத்திக்கிட்டு இருக்கான், அதுவரைக்கும் அழுதுக்கிட்டே இருந்த தங்கச்சிக்கு அந்த ஒரு வேலைதான் கிடைக்குது. அதையும் பிடுங்கிட்டா அவளுக்கு என்ன மிச்சம்?

ஒரு விஷயம் மட்டும் நீங்களே யோசிச்சு முடிவு பண்ணணும். பழைய கதையில பிள்ளைங்க வீடு திரும்பும்போது அந்தப் பொம்பளை செத்துப்போயிருப்பா, அப்பா மட்டும் இருப்பார். எப்படிச் செத்தாள்னு ஒரு வார்த்தை கிடையாது. பெத்தவங்க ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவுன்னு சொல்லிட்டு, கடைசில ஒருத்திக்கு மட்டும் சாவுன்னா அது நியாயமாப் படாது.

ஒலிமேசை

நான் ஆடியோ எடிட் பண்றவன், கதை ஞானம் கம்மி. ஒரே ஒரு விஷயம். கதையில ஒரே விஷயம் மூணு தடவை வர்ற இடத்தை ரெண்டாக் குறைச்சிடச் சொல்லி யாராவது சொன்னா கேக்காதீங்க. நானே ஒருத்தருக்கு அப்படி வெட்டிக் கொடுத்திருக்கேன், "இப்பத்து ஜனங்களுக்குப் பொறுமை இல்லை"ன்னு. திரும்பப் போட்டுக் கேட்டா மூணாவது தடவையில வரவேண்டிய திருப்பம் சப்புனு இருந்தது. படிக்கிறவன் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்குவான். கேக்கிறவனுக்கு அந்தத் திரும்பச் சொல்றதுதான் பக்கம்.

அப்புறம் அந்தக் கீச்சுக்குரல். ஹெட்போன்ல அது காதுக்குள்ளயே உட்கார்ந்துக்கும். உங்க குரல்லயே சொல்லுங்க, கெட்ட ஆளு பேசும்போது வேகத்தை மட்டும் குறைங்க. எதிர்ல உட்கார்ந்து உம் கொட்ட ஆள் இல்லாததால, அந்த "உம்"முக்கு ஒரு மூச்சு இடம் விட்டு அடுத்த வாக்கியத்தை எடுங்க. ஹெய்ட்டியில கதை சொல்றவங்க "க்ரிக்?"னு கேட்டு, கூட்டம் "க்ராக்!"னு சொன்னாத்தான் ஆரம்பிப்பாங்க. பதிவுல அது நடக்காது, ஆனா இடம் விட்டுப் பாருங்க, பிள்ளைங்க அவங்களாவே எதையாவது போட்டு நிரப்புவாங்க.

சிலந்திவலை

பழம்பெட்டி அக்கா சொன்னதுக்கு ஒரு ஒத்து. கானாவுல அகான் மக்களோட அனன்ஸி கதை. உலகத்துக் கதையெல்லாம் வானக்கடவுள் நியாமேகிட்ட இருக்கு, அதை வாங்கணும்னா மலைப்பாம்பு, குளவிக்கூட்டம், சிறுத்தை, காட்டுத் தேவதை எல்லாத்தையும் பிடிச்சுக்கிட்டு வரணும். சிலந்தி அனன்ஸி பிடிச்சுக்கிட்டு வந்துடறான். குளவிக்கூட்டுல தண்ணியைத் தெளிச்சு, "மழை பெய்யுது, வாங்க, இந்தச் சுரைக்குடுக்கைக்குள்ள ஒதுங்குங்க"ன்னு கூப்பிட்டு அடைக்கிற இடம் அபாரம். நான் கேட்ட குழந்தைப் பதிப்புகள்ல எல்லாம் அவனோட சொந்த மூளை. பழைய பதிவைப் பார்த்தா யோசனை சொல்றவ அவன் பொண்டாட்டி அசோ. பாம்பை எப்படிக் கட்டணும், என்ன கொண்டு போகணும், எல்லாம் அவ வாக்கு. அவளை எங்கயோ வழியில இறக்கி விட்டுட்டு, இப்ப "கதையில வலுவான பெண் பாத்திரம் வேணும்"னு தேடிக்கிட்டு இருக்கோம்.

ஒரு குறுக்குப்பேச்சு. நல்லா இருக்குன்னு எல்லாக் கதையையும் எடுத்துடாதீங்க. அமெரிக்கப் பழங்குடி நவஹோ மக்களுக்கு கயோட்டி (ஓநாய் மாதிரி ஒரு காட்டு விலங்கு) கதைகள் குளிர்காலத்துல மட்டும் சொல்ல வேண்டியவை. நான் தெரியாம மே மாசத்துல ஒண்ணு சொல்லிட்டு, பிற்பாடு தெரிஞ்சதும் எடுத்துட்டேன். அதே மாதிரி, கிரிம் எழுதின ஜெர்மன் மூலம் யாருக்கும் சொந்தமில்லை, ஆனா புதுசா வந்த மொழிபெயர்ப்பை வரிக்கு வரி வாசிச்சா உரிமைக்காரர் வந்து நிப்பார்.

சொன்னதுசொன்னபடி

பெத்த தாய்ங்கிற விஷயம் எனக்குத் தெரியாது. சரி, வாபஸ். ஆனா ஹான்ஸல் கையில மொபைல் கொடுத்து "நவீனமா" சொல்றவங்களை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

பழம்பெட்டி

அதுல நானும் உங்க கட்சி, தம்பி. மொபைல் இருந்தா நாலு நிமிஷத்துல வீடு. அப்புறம் கிழவி யாரைத் தின்பா?

இராக்கதை

பத்து நாள் ஆச்சு. திரும்பப் பதிவு பண்ணிட்டேன். ஆரம்பம் இப்படி வெச்சேன்:

"பெரிய காடு. காட்டு ஓரத்துல ஒரு வீடு. அந்த வருஷம் விளைச்சல் இல்லை. முதல்ல மேசையில நாலு ரொட்டி இருந்தது. அப்புறம் ரெண்டு. அன்னிக்கு ராத்திரி ஒண்ணுதான், அதையும் அம்மா நூல் வெச்சு நாலா அறுத்தாங்க. யாருடைய துண்டு பெருசுன்னு யாரும் பார்க்காத மாதிரி எல்லாரும் பார்த்தாங்க. விளக்கு அணைஞ்சது. பெரியவங்க ரெண்டு பேரும் தூங்கலை. சின்னவங்க ரெண்டு பேரும் தூங்கலை. நடுவுல ஒரு பலகைச் சுவர்தான்."

அதுக்கப்புறம் குரல் மட்டும்தான். ஒரு குரல் "நாளைக்கு"ன்னுது. இன்னொரு குரல் "வேண்டாம்"னுது. ரொம்ப நேரம் கழிச்சு அதே குரல் "சரி"ன்னுது. எது அம்மா, எது அப்பான்னு சொல்லலை. கீச்சுக்குரல் போயே போச்சு. அடுப்பு இருக்கு, பழம்பெட்டி அக்கா.

முடிவுல ரெண்டு பேரையும் உயிரோட வாசல்ல நிக்க வெச்சேன். பிள்ளைங்க பையில இருந்த முத்தையும் கல்லையும் மேசை மேல கொட்டறாங்க. அப்பாவும் அம்மாவும் அதைப் பார்க்கலை, இவங்க காலைத்தான் பார்க்கறாங்க, செருப்பு தேஞ்சு விரல் தெரியுது. அதோட நிறுத்திட்டேன். மன்னிப்பு, கட்டிப்பிடிச்சு அழறது எல்லாம் எழுதிப் பார்த்தேன், வாயில வரலை.

மெசேஜ் அனுப்பின அவங்களுக்குத்தான் முதல்ல அனுப்பினேன். நேத்து பதில் வந்தது. பையன் சுவர்ப்பக்கம் திரும்பலையாம். எழுந்து உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டானாம், அவங்களுக்குப் பதில் தெரியலையாம், எனக்கும் தெரியலை. திரும்பி வரும்போது ஒரு பெரிய தண்ணி குறுக்க வருது, ஒரு வாத்து ஒவ்வொருத்தரா முதுகுல ஏத்தி அக்கரை சேர்க்குது இல்லையா? "போகும்போது அந்தத் தண்ணி இல்லவே இல்லையே, வரும்போது எப்படி வந்துச்சு?"

பழம்பெட்டி

அட! 1812 பதிப்புல அந்தத் தண்ணியும் இல்லை, வாத்தும் இல்லை, பிள்ளைங்க நேரா வீட்டுக்கு வந்துடுவாங்க. பிற்பாடு சேர்த்தது. அது கிரிம் புத்தகத்துக்குள்ள வந்த வழி. கதைக்குள்ள எப்படி வந்ததுன்னா, முப்பது வருஷத்துல ஒரு பிள்ளையும் என்னை இதைக் கேட்டதில்லை. அவனையே கேட்டுப் பாருங்க, எப்படி வந்திருக்கும்னு. என்ன சொன்னான்னு இங்க வந்து எழுதுங்க.